உளி பிடித்த கைகள்



“படிக்காவிட்டால் பால்வெட்டத்தான் போவாய்!” என்று பிள்ளைகளை அதட்டும் வழக்கம் நம்மிடையே நெடுநாளாக உண்டு. அச்சொல்லில் நம் முன்னோரின் தொழில் அறிவற்றோர் செய்வது என்ற எண்ணம் மறைந்திருக்கிறது. வரலாறு அவ்வாறு கூறவில்லை.

மலாயாவில் வணிக நோக்கில் இரப்பர் முதன்முதலாகப் பயிரிடப்பட்டது நம் மலாக்காவில்தான். 1896ஆம் ஆண்டு டான் சே யான் என்பார் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் கன்றுகளை நட்டார். பின்னர், மோட்டார் வண்டிகள் பெருகவே, பிரிட்டிஷ் நிறுவனங்கள் பெரும்பணத்தை இத்தொழிலில் இட்டன. பணத்தைக் கொண்டு நிலம் வாங்கினர், ஆலைகள் எழுப்பினர். ஆயினும் மரத்திலிருந்து பாலை எடுக்கப் பணத்தால் இயலவில்லை. அதற்கு மனிதக் கை வேண்டியிருந்தது.

அந்தக் கைக்குத் திறன் வேண்டும். மரப்பட்டைக்கும் கட்டைக்கும் இடையே மெல்லிய வளர்படை ஒன்று உண்டு. பால்குழாய்கள் அதனை ஒட்டியே மிகுந்துள்ளன. வெட்டு மேலோட்டமாக அமைந்தால் பால் குறையும். ஆழ்ந்துவிட்டால் வளர்படை காயமுற்று, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பின்னாளில் அவ்விடத்தில் வெட்டுவது அரிது. விடியற்காலை இருளில், தலைவிளக்கின் ஒளியில், நூற்றுக்கணக்கான மரங்களில் மயிரிழை பிசகாமல் உளியை இழுத்தவர்கள் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும். தானியங்கிக் கருவிகள் வந்துள்ள இக்காலத்திலும் உலக இரப்பரில் பெரும்பகுதி கையால்தான் வெட்டப்படுகிறது.

கைகளையே நம்பிய தொழிலாதலால், அவற்றை மலிவாகப் பெறுவதே முதலாளிகளின் கவலையாயிற்று. கங்காணிகள் தமிழகச் சிற்றூர்களில் ஆள் திரட்டினர். 1907இல் அமைந்த குடியேற்ற நிதி கப்பல் செலவை ஏற்றது. 1930களின் தொடக்கத்தில் இரப்பர் விலை சரிந்தபோதோ, பல்லாயிரவர் திருப்பி அனுப்பப்பட்டனர். எஞ்சியோரின் கூலியும் குறைக்கப்பட்டது. ஆகவே, அவர்களின் வறுமைக்குக் காரணம் திறமைக் குறைவன்று. திறமைக்கு விலை கொடுக்கப்படாமையே.

நம் தோட்டப் பள்ளிகளும் இக்கைகளின் பயனே. பள்ளிவயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. குடும்பத்தோடு வேலையாட்கள் தங்கினால்தான் தோட்டம் நிலைக்கும் என்பதை நிர்வாகங்களும் அறிந்திருந்தன.

இன்று என் மாணவருள் பலர் உளியையோ மங்கையோ கண்டதில்லை. பிள்ளைகள் நன்கு படித்து உயரட்டும். ஆனால், ‘தொழில்கள்’ என்னும் பாடம் நடத்தும்போது மருத்துவர், பொறியாளர் படங்களுக்கு அருகில் பால்வெட்டுத் தொழிலாளியின் படத்தையும் ஒட்டுவோம். வீட்டிலுள்ள தாத்தா பாட்டியரிடம், “எப்படி வெட்டினீர்கள்?” என்று கேட்டுவரச் சொல்வோம். அவர்கள் விளக்கும்போது பிள்ளைகள் வியப்பர். அந்த வியப்பே நல்ல பாடம்.