நாய்க்கும் பெயர் பொறித்த சிற்றூர்



கல்லாவியிலிருந்து ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை வழியாகச் செங்கம் செல்லும் சாலையை நாம் அறிவோம். செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. ஆடுமாடுகளைக் காக்கும் சண்டை போன்றவற்றில் உயிர்விட்டவருக்கு நட்ட நினைவுக்கல்லே நடுகல்.

அவற்றுள் ஒன்று எடுத்தனூர் என்ற சிற்றூரின் கல். பல்லவ அரசன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் எழுந்தது. வயது ஏறக்குறைய 1,400 ஆண்டுகள். எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட கருந்தேவகத்தி அதில் நிற்கிறார். உடன் ஒரு நாய். அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் காத்தது என்று கல்வெட்டு சொல்கிறது. வாயில்லா உயிருக்கும் நன்றி மறவாத ஊர் அது!

நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் நடுகற்கள் பல உண்டு. வேடியப்பன் என்று மக்கள் வழிபடும் கற்கள் பிழைத்திருக்கின்றன. கேட்பாரற்றவையோ துணி துவைக்கும் கல்லாகவும் வரப்புக்கு அண்டைக் கல்லாகவும் தேய்ந்து அழிகின்றன. எழுத்து தேய்ந்தால், அந்த மனிதரின் பெயரைச் சொல்ல வேறு சாட்சி இல்லை.

ஆகவே நம் நிலத்தில் உருவமோ எழுத்தோ உள்ள கல்லைக் கண்டால் பெயர்க்காமல், சுண்ணாம்பு பூசாமல் கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவிப்போம். பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுவோம். நமக்காக மாண்டவரை மறவாதிருப்போம்.