எல்லாப் பாவமும் ஒன்றுதானா?

ஓர் ஊரில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சாதிச் சுவர் நிற்கிறது. அதைப் பற்றிப் பேசப் போன எங்களிடம் பங்குப் பெரியவர் ஒருவர் சொன்னார்: "கடவுளுக்கு முன்னால எல்லாப் பாவமும் ஒண்ணுதான் தம்பி. பொய் சொல்றதும் பாவம், பொறாமைப்படுறதும் பாவம். நீங்க ஏன் சாதியை மட்டும் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?" எங்களோடு வந்த மாணவர்கள் பதில் தெரியாமல் விழித்தார்கள். தோழர்களே, அந்தப் பதில் அவர்களுடைய மரபுக்குள்ளேயே இருக்கிறது.

'எல்லாம் ஒன்று' என்பதற்கு வழக்கமாகக் காட்டப்படும் ஆதாரம் யாக்கோபு எழுதிய திருமுகத்தின் 2ஆம் அதிகாரம், 10ஆம் வசனம். சட்டத்தில் ஒன்றை மீறியவர் முழுச் சட்டத்தையும் மீறியவர் ஆகிறார் என்பது அதன் கருத்து. ஆனால் அந்த அதிகாரத்தை முதல் வரியிலிருந்து படித்துப் பாருங்கள். சபைக் கூட்டத்துக்கு வரும் பணக்காரருக்கு நல்ல இருக்கை கொடுத்து, ஏழையை ஓரமாக நிற்கவோ தரையில் உட்காரவோ சொல்கிறவர்களைத்தான் யாக்கோபு கண்டிக்கிறார். மற்றதையெல்லாம் சரியாகக் கடைப்பிடிக்கிறோம், ஆள் பார்த்து நடத்துவது சின்ன விஷயம்தானே என்று நினைப்பவர்களுக்குச் சொன்ன வசனம் அது. பாகுபாட்டைக் கண்டிக்க எழுதியதையே பாகுபாட்டுக்குக் கேடயமாகப் பிடிக்கிறார்கள்.

திருச்சபையும் எல்லாப் பாவங்களையும் ஒரே எடையில் வைத்ததில்லை. தன்னைக் கையளித்தவனின் பாவமே பெரிது என்று இயேசு பிலாத்துவிடம் சொன்னதாக யோவான் நற்செய்தி கூறுகிறது. 4ஆம் நூற்றாண்டில் யோவினியன் என்ற துறவி, பாவங்களுக்குள்ளும் புண்ணியங்களுக்குள்ளும் படிநிலை இல்லை என்ற கருத்தைப் பரப்பினார். அதை மறுத்து 393 வாக்கில் ஜெரோம் தனி நூலே எழுதினார். பின்னாளில் கத்தோலிக்கத் திருச்சபை சாவான பாவம், அற்பப் பாவம் என்ற பிரிவை உறுதிப்படுத்தியது. சாவான பாவங்களை வகை வகையாக, எண்ணிக்கையோடு குருவிடம் அறிக்கையிட வேண்டும் என்று 1551இல் திரெந்து பொதுச்சங்கம் விதித்தது. கூலியைப் பிடித்து வைப்பதும் ஏழைகளை ஒடுக்குவதும் வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்கள் என்று கத்தோலிக்க மறைக்கல்வி கற்பிக்கிறது.

சீர்திருத்தச் சபைகள் அந்தப் பிரிவை ஏற்கவில்லை. எந்தப் பாவமும் தண்டனைக்குரியதே என்றன. ஆனாலும் எல்லாம் சமம் என்று அவையும் சொல்லிவிடவில்லை. 1640களில் உருவான வெஸ்ட்மின்ஸ்டர் பெரிய வினாவிடை, பாவத்தின் கொடுமையைக் கூட்டுகிற காரணங்களைப் பட்டியலிடுகிறது. செய்தவர் பொறுப்பில் இருப்பவரா? பாதிக்கப்பட்டவர் எளியவரா? தெரிந்தே செய்ததா? வழிபாட்டு வேளையில் நடந்ததா? இந்தக் கேள்விகளோடு கோயிலில் நடக்கும் தீண்டாமையை நிறுத்துப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்றுதான் பதில் வரும்.

அப்படியானால் சாதி எப்படித் தப்பித்தது? அதைத் தராசிலேயே ஏற்றாமல் விட்டார்கள். 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி, பூணூலும் குடுமியும் சமயக் குறிகள் அல்ல, சமூக வழக்கம்தான் என்று வாதாடினார். 1623இல் திருத்தந்தை 15ஆம் கிரகோரி அவற்றை நிபந்தனைகளோடு அனுமதித்தார். எளிய பிறப்பினரை இகழக் கூடாது என்று அதே ஆணையில் அவர் கேட்டுக்கொண்டதும் உண்மை. ஆனால் இங்கே அனுமதி நிலைத்தது, வேண்டுகோள் காற்றில் போனது. 'வழக்கம்' என்று பெயர் சூட்டிவிட்டால் பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்ல வேண்டியதில்லை.

எதிர்ப்பே இல்லாமலும் போகவில்லை. 1833இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனே கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையில் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டுப் போனார்களே தவிர, சாதியை விடவில்லை. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோயிலில், சாதிவாரியாகப் பிரிந்து நிற்க ஒரே பீடத்துக்கு இரண்டு மண்டபங்கள். 1910இல் குருக்கள் தடுப்பை இடித்தபோது, வெள்ளாளர் தனியிட உரிமை கேட்டு நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பல தலைமுறைகள் கழித்து 1982இல்தான் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, சாதியம் கிறிஸ்தவத்தையே மறுப்பது என்று அறிவித்தது.

ஒரு பாவம் சாவான பாவம் ஆவதற்குக் கத்தோலிக்க போதனை மூன்று நிபந்தனைகள் வைக்கிறது: காரியம் கனமானதாக இருக்க வேண்டும், அது தெரிந்திருக்க வேண்டும், மனமொப்பிச் செய்திருக்க வேண்டும். செத்தவர்களைக்கூடப் பிரிக்கும் சுவர் கனமான காரியம். 1982க்குப் பிறகு தெரியாது என்று சொல்ல வழியில்லை. கொத்தனாருக்குக் கூலி கொடுத்து, ஆண்டுதோறும் வெள்ளையடிக்கும் சுவரை மனமொப்பாமல் கட்டியது என்றும் சொல்ல முடியாது.

அடுத்த முறை 'எல்லாப் பாவமும் ஒண்ணுதான்' என்று யாராவது சொன்னால், கோபப்படாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: "சரிங்க ஐயா, இந்தச் சுவரை எந்த ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொன்னீங்க?"

ஜெய்பீம்.