மணிக்கட்டு தந்த விரல்கள்

சிறுமலை வாழைப்பழத்தை உரிப்பதை ஒரு வித்தை என்று நாம் யாரும் நினைப்பதில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பைப் பற்றி ஓர் இழுப்பு இழுத்தால் ஆயிற்று. ஆனால் மரத்திலிருந்து விழுந்து, கழுத்தில் தண்டுவடம் நசுங்கிப் போனவனுக்குக் கைக்கெட்டிய பழமும் எட்டாக் கனிதான். கால் போனதைக்கூட அவன் ஒருவாறு பொறுத்துக் கொள்கிறான்; ஒவ்வொரு கவளத்துக்கும் பிறர் கையை எதிர்பார்ப்பதுதான் அவனைக் கொல்கிறது.

அத்தகைய கைகளுக்கு நம் நாட்டில் வழி பிறந்த கதையைச் சொல்ல வேண்டுமானால் வேலூருக்குப் போக வேண்டும். கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட் என்ற ஆங்கிலேய டாக்டர், அங்கே கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயால் மடங்கிப்போன கைகளை ஆராய்ந்தார். விரல்கள் முடங்கினாலும் முன்கைத் தசைகள் பல நன்றாகவே இருந்தன. அவற்றின் நாண்களை இடம் மாற்றித் தைத்து, 1948 முதல் விரல்களை நிமிர்த்தத் தொடங்கினார். கத்தியின் வேலை சில மணி நேரம். பிறகு வாரக்கணக்கில் பயிற்சி. நேற்றுவரை ஒரு வேலை செய்த தசைக்கு இன்று வேறு வேலை! அதை மூளைக்குக் கற்பிப்பது, பள்ளிக்கூடத்துக்கே வரமாட்டேன் என்று அடம் பிடிக்கும் பிள்ளைக்கு அரிச்சுவடி சொல்லித் தருவது போலத்தான்.

அதே ஆஸ்பத்திரியில் மேரி வர்கீஸ் என்ற இளம் டாக்டர் இருந்தார். 1954-ல் ஒரு மோட்டார் விபத்து. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்றுப் போயிற்று. 'உட்கார்ந்தபடியே கைகளுக்கு ஆபரேஷன் செய்யலாமே' என்று பிராண்ட் வழிகாட்டினார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே அவர் பிறர் விரல்களுக்கு உயிர் கொடுத்தார். இதை நான் கதையில் எழுதியிருந்தால், "கொஞ்சம் அதிகம், ஸார்" என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்! பின்னர் நியூயார்க் சென்று டாக்டர் ஹோவர்ட் ரஸ்க்கின் நிலையத்தில் பயின்று திரும்பினார். 1966-ல் பாகாயத்தில் புனர்வாழ்வு நிலையம் எழுந்தது. அரசாங்கம் 1972-ல் பத்மஸ்ரீ அளித்தது. 1986-ல் அவர் காலமானார்.

இத்தகைய நிலையங்களில் கழுத்தடிபட்டவர்களுக்குக் கற்பிக்கும் ஒரு நுட்பம் இருக்கிறது. அடி சற்றுக் கீழே பட்டு, விரல்கள் செத்தாலும் மணிக்கட்டை நிமிர்த்தும் தசை பிழைத்திருக்கும் சிலர் உண்டு. மணிக்கட்டை மேலே தூக்கினால், விரல்களை மடக்கும் நாண்கள் தாமாகவே இறுகும். கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் வந்து ஒட்டும். தாழ்த்தினால் பிடி விட்டுப்போகும். உங்கள் கையைத் தளர விட்டு நீங்களே பார்க்கலாம்.

இதில்தான் வீட்டாரின் அன்பு வினையாகிறது. எண்ணெய் தடவி, மணிக்கட்டையும் விரல்களையும் சேர்த்துத் தினமும் பின்னுக்கு வளைத்து நீவி விடுகிறார்கள். நாண்கள் நீண்டு தளர்ந்து, பிடி வராமலே போய்விடுகிறது. விரலை நீட்டும்போது மணிக்கட்டு தாழ்ந்திருக்க வேண்டும். மணிக்கட்டு நிமிரும்போது விரல் மடங்கியிருக்க வேண்டும். பயிற்சி தருபவர்கள் இதைத்தான் படித்துப் படித்துச் சொல்கிறார்கள்.

கேட்டு நடந்தவன், மாதங்கள் கழித்து ஒரு நாள், மனைவியை எதிர்பாராமல் மணிக்கட்டைத் தூக்குகிறான். பழத்தின் காம்பு விரலிடுக்கில் நிற்கிறது. தோலைப் பல் பார்த்துக் கொள்கிறது.