மீஸான் கற்கள் சொல்லும் கடற்கணக்கு

2004 டிசம்பர் 26 அன்று நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டது. இத்தகைய பேரலை முன்னர் எழுந்ததில்லை என்றே நாம் எண்ணியிருந்தோம். அலை புறப்பட்ட சுமத்ராவின் கரையோ வேறு கூறுகிறது.

ஆச்சே கடற்கரையில் ஆய்வாளர்கள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மீஸான் கற்களையும் பல்லாயிரம் மட்கல ஓடுகளையும் பதிவு செய்தனர். அவற்றின் காலத்தையும் இடத்தையும் ஒப்பிட்டு, கி.பி. 1394 அளவில் 40 கிலோமீட்டர்க் கரையில் ஒன்பது ஊர்கள் பேரலையால் அழிந்தன என 2019இல் எழுதினர். இப்னு பதூதா வடசுமத்ராவைக் கண்டு சென்று அப்போது அரை நூற்றாண்டே ஆகியிருந்தது. மேட்டுநிலத்து லாம்ரி மட்டும் பிழைத்தது. ஆயினும் பதினாறாம் நூற்றாண்டில் ஆச்சே சுல்தானியம் தழைத்தது, அழிந்த அதே தாழ்நிலத்தில்தான், லாம்ரி கைவிடப்பட்டது!

கடலகழியில் நிலத்தட்டு அடிநுழையுமிடத்தில் விசை தேங்கி வெடிப்பது உறுதி. எப்போது என்பதே வினா. ஆச்சேயின் கடலோரக் குகையொன்றில், வௌவால் எச்சப் படிவுகளுக்கிடையே, 7,400 முதல் 2,900 ஆண்டுகளுக்கு முன் வரை வந்த பதினொரு பேரலைகளின் மணல் கிடைத்தது. சராசரி இடைவெளி சுமார் 450 ஆண்டுகள். ஆனால் ஒருகால் ஈராயிரம் ஆண்டுக்கு மேல் அமைதி. மற்றொருகால் ஒரே நூற்றாண்டில் பல அலைகள். 2004உடன் 450ஐக் கூட்டி நிம்மதி கொள்வாருடன் நாம் உடன்படோம். சிமலூ தீவின் பவளப்பாறைகள் 1394க்குப் பின் 1450 அளவிலேயே இன்னொரு பெருநடுக்கத்தைக் காட்டுகின்றன.