ஃப்ளாக் பிறந்த கதை

ஒரே பாட்டை, எதையும் இழக்காமல் சுருக்கும் ஃப்ளாக் கோப்பாகவும் அதே வகையான ஆப்பிளின் அலாக் கோப்பாகவும் மாற்றி மாற்றிப் போட்டு, எதில் ஒலி தெளிவாக இருக்கிறது என்று விவாதிப்பவர்கள் இன்றும் நிறையப் பேர். அந்தக் கேள்விக்கு ஃப்ளாக்கை உருவாக்கியவர் தொடக்கத்திலேயே பதில் எழுதி, கோப்புக்குள்ளேயே வைத்துவிட்டார்.

1982-ல் கடைக்கு வந்த ஆடியோ சிடி, இடது, வலது இரண்டு பக்கத்துக்கும் நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட் எண்ணாக வைத்திருக்கிறது. ஒரு நிமிட இசைக்குச் சுமார் 10 எம்.பி. பாட்டு வட்டில் இருந்தவரை அது பெரிதாகத் தெரியவில்லை. இணையத்துக்கு வந்ததும் தெரிந்தது: 56கே மோடத்தில் 5 நிமிடப் பாட்டு ஒன்றை இறக்க 2 மணி நேரம் பிடிக்கும். எம்பி3 அதைப் பத்தில் ஒரு பங்காக்கியது. காதுக்கு எட்டாது என்று கணித்ததையெல்லாம் கழித்துக்கட்டித்தான் ஆக்கியது. கழித்தது கழித்ததுதான், திரும்ப வராது.

எதையும் கழிக்காமல் சுருக்க வழி உண்டா? ஆவணங்களுக்குப் பயன்படும் ஜிப், இசையிடம் அவ்வளவாகப் பலிக்காது. அப்படியே திரும்ப வரும் வரிசைகளைத்தான் அது தேடும். ஒலி அலையில் அப்படித் திரும்ப வருவது அபூர்வம். கேம்பிரிட்ஜில் பேச்சொலி ஆய்வில் இருந்த டோனி ராபின்சன் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எழுதிய ‘ஷார்ட்டன்’ வேறு வழியில் போனது. அடுத்து வரப்போகும் எண்ணை ஊகித்துவிட்டு, ஊகம் எவ்வளவு பிசகியது என்பதை மட்டும் எழுதிவைப்பது அந்த வழி. 100, 104, 108 என்று அளவுகள் ஏறிக்கொண்டு வந்தால் அடுத்தது 112 என்று ஊகிக்கலாம். வந்தது 113 என்றால், எழுதவேண்டியது வெறும் 1. திரும்பப் பிரிக்கும்போது அதே ஊகத்தைப் போட்டு 1-ஐக் கூட்டினால் 113 பிசகாமல் வந்துவிடும். இந்தச் சின்ன எண்களைக் குறைந்த பிட்டுகளில் எழுதும் முறையைத் தந்தவர் நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் இருந்த ராபர்ட் ரைஸ். விண்கலங்கள் அனுப்பும் படங்களுக்காக எழுபதுகளில் அவர் வகுத்த முறை அது.

ஷார்ட்டனை முதலில் கொண்டாடியவர்கள் கச்சேரிப் பதிவுகளைச் சேகரித்த அமெரிக்க ரசிகர்கள். கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழு, தன் கச்சேரிகளை ரசிகர்கள் பதிவுசெய்து பரிமாறிக்கொள்ள அனுமதி தந்திருந்தது. கேசட்டிலிருந்து கேசட்டுக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் ஏறுவதைக் கேட்டுச் சலித்தவர்கள் அவர்கள். நூறாவது நகலும் முதல் நகலாகவே இருப்பதன் அருமை அவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் ஷார்ட்டன் இலவசமானாலும் முழுக்கக் கட்டற்றதல்ல. பாட்டின் நடுவே தாவிப்போகும் வசதியும் அதில் தொடக்கத்தில் இல்லை. ஜோஷ் கோல்சன் என்ற அமெரிக்க நிரலாளர் 2000-ல் புதிதாக ஒன்றை எழுதத் தொடங்கினார். 2001 ஜனவரியில் கோப்பின் வடிவத்தை உறுதிசெய்தார். ஜூலை 20 அன்று ஃப்ளாக் 1.0 வெளிவந்தது. உரிமக் கட்டணம் கிடையாது, மூலநிரல் எல்லோருக்கும் திறந்தது.

அவர் எடுத்த இரண்டு முடிவுகளை நான் பெரிதாக மதிக்கிறேன். ஒன்று, சுருக்கும் வேலை எவ்வளவு கடினமானாலும் பிரிக்கும் வேலை எளிதாக இருக்கவேண்டும் என்றது. மங்கீஸ் ஆடியோ என்ற போட்டி வடிவம் இன்னும் சிறிய கோப்பைத் தரும். ஆனால் சுருக்கப் பட்ட பாடு பிரிக்கவும் படவேண்டும். ஃப்ளாக் கைக்கடக்கமான பிளேயரிலும் சிரமமில்லாமல் ஓடியது. 2003-ல் வந்த ரியோ கர்மாவிலேயே அது பாடியது. சுருக்கத்தின் 0 முதல் 8 வரையான நிலைகளில் மாறுவது கோப்பின் அளவும் சுருக்க ஆகும் நேரமும்தான். ஒலி எட்டிலும் அதேதான், பூஜ்யத்திலும் அதேதான்.

இரண்டாவது முடிவு, நான் முதலில் சொன்ன பதில். கோப்பின் தலைப்பகுதியில், சுருக்குவதற்கு முன் இருந்த ஒலித்தரவின் எம்டி5 கையொப்பம் 128 பிட்டில் பதிவாகிறது. பிரித்தெடுத்ததை அதோடு ஒப்பிட்டால், ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் அகப்பட்டுவிடும்.

2003-ல் ஃப்ளாக், கட்டற்ற ஊடக வடிவங்களை வளர்க்கும் சைஃப் அறக்கட்டளையின் குடைக்குள் வந்தது. அடுத்த ஆண்டே ஆப்பிள் தனியாக அலாக்கைக் கொண்டுவந்து, 2011-ல் அதன் மூலநிரலைத் திறந்துவிட்டது. 2024 டிசம்பரில் ஃப்ளாக் ஆர்எஃப்சி 9639 என்ற எண்ணில் இணையத் தரநிலை ஆவணமாயிற்று.

ஃப்ளாக்கும் அலாக்கும் பிரித்ததும் ஒரே எண்களைத்தான் தரும் என்றால், ஒரு பிளேயரில் கேட்பதும் இன்னொன்றில் கேட்பதும் ஏன் வேறாக இருக்கிறது? பிளேயர் ஒன்றில் ரீப்ளேகெயின் என்ற சமன்செய்யும் வசதி ஒலியளவைக் குறைத்திருக்கும். மற்றதில் ஈக்வலைசர் போட்டிருக்கும். இன்னொன்றில் 44,100-ஐ இயங்குதளம் 48,000-ஆக மாற்றி அனுப்பியிருக்கும். இவற்றில் ஒலியளவுதான் பெரிய ஏமாற்றுக்காரன்: கொஞ்சம் சத்தம் கூடினாலே ‘தெளிவு கூடிவிட்டது’ என்று காது தீர்ப்பு சொல்லிவிடும். ஒப்பிட விரும்புகிறவர்கள் எல்லாவற்றையும் அணைத்து, ஒலியளவைச் சமமாக்கி, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்கவேண்டும். ஃபூபார்2000 என்ற பிளேயரில் இதற்கென்றே ஏபிஎக்ஸ் சோதனைக் கூறு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

எம்டி5-ஆல் முடியாத காரியம் ஒன்று உண்டு. எம்பி3-ஐ எடுத்து யாரோ ஃப்ளாக்காக மாற்றியிருந்தால், அந்த எம்பி3-க்குத்தான் அது சாட்சி சொல்லும். ஆகவே ஃப்ளாக்கா அலாக்கா என்று கேட்பதை விட்டுவிட்டு, இது எந்தப் பதிவிலிருந்து எடுத்தது என்று கேளுங்கள்.