கோலாலம்பூர் – இலண்டன்: போக 14 மணி நேரம், திரும்ப 13 மணி நேரம்

இரவு 11 மணிக்குச் சிப்பாங்கில் விமானம் ஏறும் மகள், மறுநாள் காலை 6 மணிக்கு இலண்டனில் இறங்குவாள் எனப் பயணச்சீட்டில் இருக்கும். ஏழு மணி நேரம்தானே என்று கணக்குப் போட்டு, விடியற்காலையிலேயே கைப்பேசியும் கையுமாகக் காத்திருக்கும் பெற்றோர் உண்டு. அந்த 6 மணி, இலண்டன் நேரம். மலேசியாவில் அப்போது பிற்பகல் 1 மணி. உண்மையில் பிள்ளை 14 மணி நேரம் வானில் இருந்திருக்கிறாள்.

இதுவும் கோடைக்காலக் கணக்குதான். மார்ச் மாதக் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். அந்த மாதங்களில் நமக்கும் அவர்களுக்கும் 7 மணி நேர வித்தியாசம். மற்ற மாதங்களில் 8.

இரு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்த்தூரம் சுமார் 10,600 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்குக் காரில் 32 தடவை போவதற்குச் சமம். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் 12 மணி நேரத்தில் போய்விடலாமே என்று கேட்கலாம். ஆனால் எந்த விமானமும் அந்த நேர்கோட்டில் அப்படியே பறப்பதில்லை. 2014 ஜூலை 17-இல் எம்எச்17 கிழக்கு உக்ரேனில் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் மாண்ட துயரத்தை நாம் மறக்க முடியாது. 2022 பிப்ரவரியில் போர் தொடங்கியதிலிருந்து உக்ரேன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடியே கிடக்கிறது. மேற்காசியாவில் பதற்றம் கூடினாலும் விமானங்கள் சுற்றிப் போகின்றன, நேரமும் கூடுகிறது.

திரும்பும்போது ஏறக்குறைய 13 மணி நேரமே ஆகும். பூமி சுழல்வதுதான் காரணம் என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல, பூமியோடு காற்றும் சேர்ந்தே சுழல்கிறது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் பலத்த காற்று, போகும்போது எதிர்த்து நிற்கிறது, வரும்போது பின்னாலிருந்து தள்ளுகிறது. ஆனால் காலை 11 மணிக்கு இலண்டனில் ஏறி மறுநாள் காலை 7 மணிக்கு இங்கே இறங்கும்போது, சீட்டில் பார்த்தால் 20 மணி நேரம் போலத் தெரியும்.

சென்னையில் உறவினரைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. கோலாலம்பூர் – சென்னை சுமார் 4 மணி நேரம். அங்கிருந்து இலண்டனுக்கு நேரடி விமானத்தில் 11 மணி நேரத்துக்குச் சற்று முன்பின் ஆகும்.

பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் நீரிழிவு நோயாளிகளுக்கு இந்தக் கணக்கு மிக முக்கியம். மேற்கே போகும்போது அவர்களுடைய ஒரு நாள் 7, 8 மணி நேரம் நீண்டுவிடுகிறது. இன்சுலின் ஊசியை எந்த நேரத்தில், எவ்வளவு போடுவது என்பதைப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மருந்தைப் பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. சரக்குப் பகுதியின் குளிரில் இன்சுலின் உறைந்து கெட்டுவிடக்கூடும். மருத்துவர் கடிதத்தோடு கைப்பையிலேயே இருக்கட்டும்.