இரு புள்ளிகளும் ஒரு குறியெண்ணும்: ஆர்மீனிய முற்றுக்குறி கணினிக்கு வந்த வழி

உலகின் முதல் ஆர்மீனிய இதழான ‘அஸ்தரார்’ 1794 அக்டோபரில் சென்னையில் அச்சாகி வெளிவந்தது. ஷிராஸ் நகரிலிருந்து வந்த பாதிரியார் ஹாருத்யூன் ஷ்மாவோனியன் அதை 1796 வரை நடத்தினார். அதற்கு முன்பே, 1772இல், ஷாஹமீரியன் குடும்பத்தார் இங்கே ஆர்மீனிய அச்சகம் அமைத்திருந்தனர். அரண்மனைக்காரன் தெருவின் ஆர்மீனியத் தேவாலயத்தைப் பார்ப்பவர்கள் வணிகர்களைத்தான் நினைக்கிறார்கள். அச்சுக்கோத்தவர்களையும் நினைக்க வேண்டும்.

ஆர்மீனிய வாக்கியம் முடியும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரு புள்ளிகள் நிற்கும். ‘வெர்ஜாகெத்’ என்பது அதன் பெயர். பார்வைக்கு நம் முக்காற்புள்ளிதான். வேலையோ முற்றுப்புள்ளியின் வேலை. ஈய அச்சில் இந்த ஒற்றுமையால் கேடில்லை. தாளில் படிப்பவருக்கு இடமே பொருளைச் சொல்லிவிடும். கணினி தோற்றத்தைப் பார்ப்பதில்லை, எண்ணைப் பார்க்கிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

1991இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே இந்தக் குறிக்கு 0589 என்ற தனி எண் கிடைத்தது. ஆர்மீனியர்கள் வகுத்த ‘ஆர்ம்ஸ்கி’ என்ற எட்டு பிட் குறியேற்றத்திலும் அதற்குத் தனி இடம் உண்டு. ஆகவே குறியேற்றத்தில் குறையில்லை. குறை விரல் நுனியில். ஆங்கில விசைப்பலகையில் முக்காற்புள்ளி எளிதில் அகப்படுவதால் பலரும் அதையே தட்டிவிடுகிறார்கள். திரையில் வேறுபாடு தெரியாது. ஆனால் யூனிகோடு விதிப்படி 0589 வாக்கியத்தை முடிக்கும் குறி, முக்காற்புள்ளி அப்படியல்ல. உரையை வாக்கியங்களாகப் பிரிக்கும் நிரல், முக்காற்புள்ளியைக் கண்டால் நிற்காமல் அடுத்த வாக்கியத்தையும் சேர்த்துக்கொண்டு போகும்.

கேள்விக்குறியின் நிலை இன்னும் நுட்பமானது. அது வாக்கிய இறுதியில் வராது. கேட்கப்படும் சொல்லின் அழுத்தமான உயிரெழுத்தை ஒட்டி மேலே நிற்கும். ‘என்ன’ என்று பொருள்படும் ‘இஞ்ச்’ என்ற சொல்லில் முதல் எழுத்தைத் தட்டியதும் குறியைத் தட்டி, பிறகு மீதி எழுத்துகளைத் தட்ட வேண்டும். சொல்லின் நடுவே குறி புகுந்துவிடுவதால், குறியின்றித் தேடினால் எளிய தேடுபொறிக்கு அந்தச் சொல் அகப்படாது.

இது தொலைதூரத்து மொழியின் தொல்லை என்று ஒதுக்க முடியாது. எங்கள் அரக்கோணம் பக்கத்துக் கிரயப் பத்திரங்களில் ‘ஷை சொத்து’ என்ற தொடரைப் பார்க்கலாம். அந்த ‘ஷை’ நின்ற இடம் உண்மையில் ‘மேற்படி’ என்பதற்கான ௸ குறியின் இடம். தட்டச்சுப் பொறியில் அக்குறி இல்லாதபோது சாயலில் ஒத்த எழுத்து அங்கே வந்து அமர்ந்தது என்பது என் கணிப்பு. 2003இல், யூனிகோடு 4.0இல், ௸ குறிக்கும் நாள், மாதம், வருடம் முதலிய அதன் கூட்டாளிகளுக்கும் எண் கிடைத்தது. அதற்குள் கை பழகிவிட்டது. பத்திரம் எழுதுவோர் இன்றும் ‘ஷை’ என்றே தட்டுகிறார்கள்.

ஆகவே பழைய அச்சுப் பக்கங்களைக் கணினியில் ஏற்றுவோர் எந்தக் குறிக்கு எந்த எண் என்பதைத் தொடக்கத்திலேயே முடிவுசெய்துவிட வேண்டும். ஆர்மீனிய உரை முழுதும் முக்காற்புள்ளியாகத் தட்டிவிட்டுப் பிறகு ஒரே ஆணையில் மாற்றப் பார்த்தால், 10:30 என்ற நேரத்தின் நடுவிலும் முற்றுக்குறி விழும். ஒவ்வோர் இடமாகக் கண்ணால் பார்த்தே திருத்த வேண்டிவரும்.